ஆலோசகரின் அறம்

உறையூரில் நிகழவிருந்த ஒரு கொலையைப் பற்றிய செய்தி புறநானூற்றின் 47ஆம் பாடலுக்குரிய குறிப்பில் காணப்படுகிறது. சோழர் குடியைச் சேர்ந்த நலங்கிள்ளிக்கும் நெடுங்கிள்ளிக்கும் பகை மூண்டிருந்த காலம் அது. நலங்கிள்ளியிடமிருந்து புறப்பட்டு உறையூருக்குள் புகுந்த இளந்தத்தன் என்னும் புலவனை, ஒற்றறிய வந்தவன் என நெடுங்கிள்ளி ஐயுற்றான், கொல்லவும் முற்பட்டான். அவ்வேளையில் கோவூர்கிழார் குறுக்கிட்டார். பரிசில் நாடி நெடுவழி நடப்பதும், பெற்றதைச் சுற்றத்தாரோடு பகிர்ந்துகொள்வதும், பிறருக்குத் தீங்கு எண்ணாதிருப்பதுமே புலவரின் வாழ்வு என்பதை மன்னனுக்கு எடுத்துரைத்தார். இளந்தத்தன் உயிர் பிழைத்தான்.

கோவூர்கிழாரிடம் படை இல்லை. கோட்டைக் கதவைத் திறக்கவோ அடைக்கவோ அவருக்கு உரிமை இல்லை. அவரிடம் இருந்தது ஒன்றே. அவர் சொல்லுக்கு மன்னன் செவி சாய்ப்பான் என்னும் நிலை. மன்னன் கேளாமல் புலவனைக் கொன்றிருந்தால், அப்பழியில் கோவூர்கிழாருக்குப் பங்கு உண்டா? அவர் பேசாமல் ஒதுங்கியிருந்து அக்கொலை நிகழ்ந்திருந்தால், அப்போது உண்டா? ஆணையிடும் அதிகாரம் இல்லாமல் அறிவுரை கூறும் இடத்தில் மட்டும் இருப்பவரின் பொறுப்பு எவ்வளவு? வினா பழையது. இக்காலம் அதற்குப் புதியதொரு களத்தை அமைத்துத் தந்திருக்கிறது.

ஆணையும் அறிவுரையும்

ஐக்கிய நாடுகள் சபையின் அமைதி காக்கும் பணிகளில், எல்லை மேலாண்மைக்குத் துணைபுரியும் மூத்த ஆலோசகர் என்றொரு பதவி உண்டு. போரிலிருந்து மீண்ட நாடொன்று தன் எல்லையைத் தானே காத்துக்கொள்ளும் நிலையை அடையும்வரை அந்நாட்டு அதிகாரிகளின் அருகிலிருந்து வழிகாட்டுவது அப்பதவியின் நோக்கம். எல்லைக் காவல், குடிநுழைவு, சுங்கம் ஆகிய துறைகள் ஒன்றுக்கொன்று முரணாமல் இயங்க வழி கூறுவது, காவலர்க்குப் பயிற்சித் திட்டம் வகுப்பது, சட்ட வரைவுகளைப் படித்துக் கருத்துரைப்பது, எல்லைக்கு அப்பாலுள்ள அதிகாரிகளோடு பேச்சுத் தொடர்பு அறுந்துபோகாமல் காப்பது ஆகியன அவருடைய அன்றாடக் கடமைகள்.

இவ்வளவு கடமைகளிருந்தும் அவர் ஒருவரையும் கைது செய்ய முடியாது. ஒரு வண்டியைக்கூடத் தம் ஆணையால் நிறுத்த முடியாது. அவர் எழுதிய சொற்கள் சட்டத்தில் இடம்பெறலாம். அவருடைய கையொப்பம் இடம்பெறாது. அமைச்சர் ஏற்றால் அறிவுரை செயலாகும். ஏற்காவிடில் அது கோப்புக்குள் உறங்கும். அமைதி காக்கும் பணி, தொடர்புடைய தரப்பினரின் இசைவு, நடுநிலை, தற்காப்புக்கும் ஒப்படைக்கப்பட்ட பணியைக் காப்பதற்குமன்றிப் படைவலிமையைப் பயன்படுத்தாமை என்னும் மூன்று கொள்கைகளின்மேல் நிற்பது. அந்நாட்டு மக்களே தம் நாட்டுக்கு உரியவர். வந்தவர் துணைவர் மட்டுமே என்பது அதன் உட்பொருள்.

எனவே, "நான் சொன்னேன், அவர்கள் செய்தார்கள். செய்தவரே பொறுப்பாளி" என்று ஆலோசகர் கூறுவாரானால் அக்கூற்று முதற்பார்வையில் நேர்மையானதாகவே தோன்றும். அது முழு உண்மையா என்பதை ஒரு நாட்டின் எல்லையிலிருந்து பார்க்கலாம்.

ஒரு கோட்டின் வரலாறு

திமோர்த் தீவை இரு நாடுகளாகப் பிரிக்கும் கோடு, அத்தீவு மக்கள் போட்ட கோடன்று. ஒல்லாந்தரும் போர்த்துக்கீசியரும் 1904இல் செய்துகொண்ட உடன்படிக்கையால் அமைந்தது. அதில் எழுந்த ஒரு சிக்கலை 1914இல் ஹேக் நகரின் நடுவர் தீர்ப்பு முடித்துவைத்தது. அக்கோட்டின் இருபுறமும் தேத்தும், புனாக், கேமாக் முதலிய மொழிகளைப் பேசும் மக்கள் உறவினராகவே வாழ்ந்துவந்தனர். ஒக்குசி என்னும் பகுதியோ, ஒருபுறம் கடலும் மற்றைப் புறங்களில் மேற்குத் திமோரும் சூழ, தன் தாய்நாட்டின் பெருநிலத்திலிருந்து பிரிந்தே கிடக்கிறது.

1999ஆம் ஆண்டு ஆகஸ்டு 30ஆம் நாள் நடந்த பொதுவாக்கெடுப்பில் கிழக்குத் திமோர் மக்களில் வாக்களித்தோருள் 78.5 விழுக்காட்டினர் இந்தோனேசியாவிலிருந்து பிரிந்துபோவதை நாடினர். அதனையடுத்து ஆயுதக் குழுக்களின் வெறியாட்டம் எழுந்தது. ஏறத்தாழ இரண்டரை இலட்சம் மக்கள் மேற்குத் திமோருக்குச் சென்றனர். பலர் வலிந்து கொண்டுசெல்லப்பட்டனர். அதன்பின் அந்த எல்லைக்கோடு வரைபடத்தில் மட்டும் இருக்கும் கோடாக இல்லாமல் அச்சத்தின் கோடாக மாறியது. 2000ஆம் ஆண்டு ஜூலையில் நியூசிலாந்து வீரர் ஒருவரும், ஆகஸ்டில் நேப்பாள வீரர் ஒருவரும் எல்லைப் பகுதியில் ஆயுதக் குழுவினரால் கொல்லப்பட்டனர். செப்டம்பரில் எல்லைக்கு அப்பால் அத்தம்புவா நகரில் அகதிகளுக்கு உதவிவந்த ஐக்கிய நாடுகள் பணியாளர் மூவர் படுகொலையுண்டனர்.

அந்நாள்களில் எல்லையைக் காத்தவை அமைதிப் படைகளே. நாட்டின் சட்டமியற்றும் அதிகாரத்தையும் ஆட்சி அதிகாரத்தையும் 1999 அக்டோபரில் பாதுகாப்புச் சபை ஐக்கிய நாடுகள் நிருவாகத்திடமே ஒப்படைத்திருந்தது. 2002 மே 20இல் நாடு விடுதலை பெற்ற பின்னரும் பாதுகாப்புப் பொறுப்பு அமைதிப் படையிடமே சிலகாலம் நீடித்தது. மலேசிய, சிங்கப்பூர் மக்களுக்கும் அவ்வரலாற்றில் பங்குண்டு. அப்படைக்கு 2002 முதல் 2003 வரை சிங்கப்பூரின் டான் ஹக் கிம்மும், அவருக்குப் பின் மலேசியாவின் கைருடின் மாட் யூசோப்பும் தலைமை தாங்கினர். 2004 மே 20இல் அப்பொறுப்பு திமோர் லெஸ்தே அரசின் கைக்கு மாறியது.

ஓராண்டு கழிந்தது. 2005 ஏப்ரலில் பாதுகாப்புச் சபை நிறைவேற்றிய 1599ஆம் தீர்மானம் அமைதிப் படையின் இடத்தில் சிறியதோர் அலுவலகத்தை அமைத்தது. காவல்துறைக்கு 40 ஆலோசகர் வரையிலும், எல்லைச் சுற்றுக்காவல் பிரிவுக்கென்று மேலும் 35 ஆலோசகர் வரையிலும் அதில் இடம்பெறலாம் என்றது. ஆயிரக்கணக்கான வீரர் நின்ற இடத்தில் சில பத்து ஆலோசகர் நின்றனர். ஆணை போய் அறிவுரை வந்தது.

கையொப்பமிடாதவரின் பங்கு

2006 ஜனவரியில் மாலிபாகா ஆற்றின் அருகே எல்லைக் காவலர் சுட்டதில் மேற்குத் திமோரிலிருந்து வந்த மூவர் மாண்டனர். அவர்கள் மீன்பிடிக்க வந்தவர்கள் என்று ஒரு பக்கத்தாரும், சட்டத்திற்குப் புறம்பாக எல்லை கடந்தவர்கள் என்று மறுபக்கத்தாரும் கூறினர். இரு நாடுகளுக்குமிடையே மனக்கசப்பு எழுந்தது.

துப்பாக்கியை இயக்கிய விரல் ஆலோசகர் எவருடையதுமன்று. சுடுமாறு அவர்கள் கூறவுமில்லை. ஆதலின் அவர்களுக்கு அதில் எவ்விதத் தொடர்பும் இல்லை என்று கூறிவிடலாமா? ஓர் இளங்காவலனுக்கு எப்போது சுடலாம் என்று கற்பிப்பதை எளிதில் முடித்துவிடலாம். எப்போது சுடக்கூடாது என்பதை அவன் நெஞ்சில் பதியவைப்பதே கடினம். ஆற்றில் நிற்பவன் பகைவனா, பசியோடு வந்தவனா என்று கணநேரத்தில் தேர்ந்தறியும் பொறுமையைப் பயிற்சியே தர வேண்டும். அப்பயிற்சி போதாது என்பதை அறிந்தும் ஓர் ஆலோசகர், "படிப்படியாகச் சரியாகிவிடும்" என்று அறிக்கை எழுதிவிட்டுப் போவாரானால் அவருடைய கை தூய்மையானதன்று. மாறாக, போதாமையை உணர்ந்து, உரியவரிடம் எடுத்துரைத்து, மீண்டும் மீண்டும் வற்புறுத்தியும் கேட்பார் இல்லாமற்போயின் அவர்பால் பழி இல்லை. இரண்டு நிலைகளிலும் நிகழ்ச்சி ஒன்றே, துப்பாக்கியும் ஒன்றே. ஆலோசகரின் பொறுப்பு மட்டும் வேறுபடுகிறது. ஆகவே அதிகாரம் இன்மை ஒன்றே பொறுப்பின்மைக்குக் காரணமாகிவிடாது என்பது தெளிவு.

இதற்கு மாற்றாகச் சிலர், "பொறுப்பு உண்டெனில் அதிகாரத்தையும் அவரிடமே கொடுத்துவிடலாமே" என்பர். அம்முறையும் அத்தீவிலேயே ஆராயப்பட்ட ஒன்றுதான். விடுதலைக்கு முன் ஐக்கிய நாடுகள் நிருவாகமே அனைத்து அதிகாரத்தையும் ஏந்தியிருந்தது. அக்காலத்திலேயே நாட்டு மக்களின் தலைவர்கள் தம் நாட்டில் தாமே பார்வையாளராக நிற்பதாகக் குறைப்பட்டனர். வீட்டுக்காரருக்குத் துணையாக வந்தவர் திறவுகோலைத் தம் இடுப்பில் செருகிக்கொண்டால், வீட்டுக்காரர் வீட்டைக் காக்கக் கற்பது எங்ஙனம்? தவறு செய்து திருந்தும் உரிமையும் விடுதலையின் ஒரு கூறே. எனவே ஆலோசகரிடம் அதிகாரத்தைக் குவிப்பது சிக்கலைத் தீர்ப்பதாகாது. அவரை வேறொருவராக மாற்றிவிடுவதாகும்.

நம்பிக்கையே அளவுகோல்

அதிகாரம் அளவுகோல் அன்றெனில் வேறு எதனைக் கொண்டு ஆலோசகரின் பொறுப்பை அளப்பது? அதே ஆண்டில், அதே நாட்டின் தலைநகரில் நிகழ்ந்த கொடிய நிகழ்ச்சியொன்று அதற்கு விடை கூறுகிறது. அஃது எல்லையில் நிகழ்ந்ததன்று. எனினும் ஆலோசகர் என்னும் நிலையின் அடிப்படையையே தொட்டு நிற்பது.

2006 மே மாதத்தில் திமோர் லெஸ்தேயின் படையினருக்கும் காவல்துறையினருக்கும் பூசல் முற்றியது. மே 25ஆம் நாள் டிலி நகரிலுள்ள காவல்துறைத் தலைமையகத்தின்மீது படைவீரர் சுட்டனர். அங்கிருந்த ஐக்கிய நாடுகள் அதிகாரிகள் இடையில் புகுந்து சண்டை நிறுத்தம் பேசினர். காவலர் தம் ஆயுதங்களைக் கைவிட்டு, ஐக்கிய நாடுகள் கொடியின்கீழ், அந்த அதிகாரிகளின் துணையோடு வெளியேறுவதென முடிவாயிற்று. வெறுங்கையராய் அவர்கள் தெருவில் நடந்து சென்றபோது படைவீரர் சிலர் சுட்டனர். எட்டுக் காவலர் உயிரிழந்தனர். இருபதுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். உடன்சென்ற ஐக்கிய நாடுகள் காவல் அதிகாரிகளும் காயமுற்றோரில் அடங்குவர்.

அவ்வதிகாரிகள் கோழைகளல்லர், தம் உயிரையும் பணயம் வைத்தே முன்னால் நடந்தனர். கொன்றவர் பிறர், அவருள் நால்வர் பின்னர் நீதிமன்றத்தில் தண்டனையும் பெற்றனர். ஆயினும் ஒன்றை மறுக்க இயலாது. அக்காவலர் துப்பாக்கியைக் கீழே வைத்தது எதனை நம்பி? படையை நம்பியன்று, அரசை நம்பியுமன்று. தம்மோடு பழகித் தமக்குப் பயிற்சியளித்த அயலவரின் சொல்லை நம்பி. அச்சொல்லுக்குப் பின்னால் அதனைக் காக்கும் வலிமை இல்லை என்பதை அந்நேரத்தில் எவர் எண்ணிப் பார்த்திருப்பார்?

ஆலோசகரின் அறத்துக்கு அடிப்படை இங்கேயே வெளிப்படுகிறது. அவருடைய பொறுப்பை அவரிடமுள்ள அதிகாரத்தால் அளத்தல் கூடாது. அவர்மீது பிறர் வைத்துள்ள நம்பிக்கையால் அளத்தல் வேண்டும். ஒருவரின் சொல்லை நம்பி இன்னொருவர் தம் உயிரையோ உடைமையையோ இடம்பெயர்த்து வைக்கும்போது, சொன்னவருக்கு அதில் பங்கு வந்துவிடுகிறது. அதிகாரம் மிகக் குறைவாயிருக்கும் இடத்திலும் நம்பிக்கை மிகப் பெரிதாயிருக்கலாம். அவ்விடத்தில் பொறுப்பும் பெரிதே.

இதிலிருந்து ஒரு கடமை பிறக்கிறது. அறிவுரை வேறு, வாக்குறுதி வேறு. "இது நல்ல வழி என்று கருதுகிறேன்" என்பது அறிவுரை. "இவ்வழியில் உமக்குத் தீங்கு நேராது" என்பது வாக்குறுதி. முன்னதற்கு அறிவும் நேர்மையும் போதும். பின்னதற்கு வலிமையும் வேண்டும். வலிமையில்லாதவர், கேட்போர் தம் அறிவுரையை வாக்குறுதியாக எண்ணிவிடாமல், "இதற்கு மேல் என்னால் காக்க இயலாது" என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். அப்படிச் சொல்வது மதிப்பைக் குறைக்கும் என்று அஞ்சுவோர் உண்டு. குறைவது மதிப்பு, காக்கப்படுவது உயிர்.

மறுபுறத்தையும் கூறவேண்டும். 2006 மே 25இல் வேறு வழி என்ன இருந்தது? உள்ளேயே இருந்திருந்தால் மேலும் பலர் மாண்டிருக்கலாம். நெருப்புக்கு நடுவே நிற்பவருக்குச் சொற்களைத் தேர்ந்தெடுக்க நேரம் கிடைப்பதில்லை. ஆகவே அவ்வதிகாரிகளைக் குற்றக் கூண்டில் ஏற்றுவது அறமாகாது. குற்றம் இல்லாதபோதும் பொறுப்பு இருக்கக்கூடும் என்பதை உணர்வதே அறம்.

கோட்டின் இருபுறமும்

இனி எல்லைக்கே திரும்பலாம். அங்கே ஆலோசகரை நம்புவோர் யாவர்? அவரை அழைத்த அரசு நம்புகிறது. அவரிடம் பயின்ற காவலர் நம்புகின்றனர். அவரை அறியாமலே அவர் எழுதிய விதிகளின்கீழ் வாழப்போகும் மக்களும் இருக்கின்றனர். அவர்கள் அவரைப் பார்த்ததுமில்லை. அவர் பெயரைக் கேட்டதுமில்லை. ஆயினும் ஒரு மூதாட்டி அடுத்த கரையிலுள்ள மகள் வீட்டிற்குப் போகமுடியுமா, ஓர் உழவர் தம் மாட்டை வழக்கமான சந்தைக்கு ஓட்டிச்செல்ல முடியுமா என்பதெல்லாம் அவ்விதிகளைப் பொறுத்தவை.

2003 ஜூன் மாதத்தில் இந்தோனேசியாவும் திமோர் லெஸ்தேயும் மரபுவழிப் போக்குவரத்தையும் எல்லைச் சந்தைகளையும் பற்றி ஓர் ஏற்பாடு செய்துகொண்டன. எல்லையோர மக்கள் கடப்பிதழும் விசாவும் இன்றி, எளிய அனுமதிச் சீட்டோடு உறவினரைக் காணவும், சடங்குகளில் கலந்துகொள்ளவும், சிறுவணிகம் செய்யவும் அது வழிவகுத்தது. நல்ல ஏற்பாடுதான். எனினும் அது நடைமுறைக்கு வரப் பல ஆண்டுகள் ஆயின. தாளில் திறந்த கதவு தரையில் திறக்கும்வரை, நேற்றுவரை உறவினராயிருந்தவர் இன்று சட்டத்தை மீறியவராயினர். 2005 ஏப்ரலில் இரு நாடுகளும் செய்த தற்காலிக உடன்பாடு எல்லையின் ஏறத்தாழ 96 விழுக்காட்டை வரையறுத்தது. வரையறுத்தல் அரசுகளின் வேலை. வரையறுத்த கோட்டில் மனிதர் நடந்துபோகும் வழியை நினைவூட்டுவது ஆலோசகரின் வேலை.

எல்லை காப்போர்க்கு எதிரே வருபவர் எல்லாரும் ஐயத்துக்குரியவராகத் தோன்றுவது இயல்பு. நெடுங்கிள்ளிக்கும் அவ்வாறே தோன்றியது. போர்க்காலத்தில் அவன் ஐயுற்றதும் வியப்பன்று. பகைவன் நாட்டிலிருந்து வந்த ஒரே காரணத்தால் ஒருவன் பகைவனாகிவிடான் என்பதை அவனுக்குச் சொல்ல ஒருவர் வேண்டியிருந்தது. கோவூர்கிழார் மன்னனின் கோட்டையை இகழவில்லை. காவலைத் தளர்த்துமாறும் கூறவில்லை. வந்தவன் யார் என்பதைப் பார்க்கச் செய்தார். எல்லை மேலாண்மை என்னும் கலையின் உயிர்நாடி இதுவே. கதவை மூடுவதற்குப் பூட்டு போதும். யாருக்குத் திறப்பது என்பதற்கே அறிவு வேண்டும்.

இருப்பதா, விலகுவதா?

கூறியும் கேட்கப்படாத ஆலோசகர் என்ன செய்வது? தலைவன் தானும் அறியாமல், அறிந்தவர் சொல்லையும் தள்ளும் நிலையிலும் அவனுக்கு நன்மையானதை எடுத்துக்கூறுவது அருகிருப்பவரின் கடமை என்பது வள்ளுவர் கருத்து. ஆள்வோரிடம் மிக நெருங்கினும் தீது, மிக அகலினும் பயனில்லை என்று நெருப்பை உவமை காட்டியும் அவர் விளக்குகிறார். ஆனால் நெருப்பே வீட்டை எரிக்கத் தொடங்கும்போது அதன் அருகில் அமர்ந்து குளிர்காய்தல் தகுமா?

ஐக்கிய நாடுகள் சபை 2011இல் இதற்கொரு நெறிமுறையை வகுத்துக்கொண்டது. தான் துணைபுரியும் ஒரு நாட்டின் படையோ காவல்துறையோ கொடிய மனித உரிமை மீறல்களில் ஈடுபடும் உண்மையான அபாயம் உண்டெனக் கருத வலுவான காரணங்கள் இருந்தால், முதலில் அதனைத் திருத்த முயல வேண்டும். திருந்தாவிடில் துணையை நிறுத்த வேண்டும் என்பது அதன் சாரம். பயிற்சியும் அறிவுரையும்கூட அத்துணைக்குள் அடங்கும். கற்றுக்கொடுத்தவர், கற்றவர் செய்வதிலிருந்து முற்றும் விலகி நிற்க முடியாது என்பதை உலக மன்றமே ஏற்றுக்கொண்டதற்கு இஃது அடையாளம்.

விலகுவதும் எளிதன்று. நல்லவர் விலகினால் அவ்விடம் வெற்றிடமாக இராது. அதனை நிரப்ப வருபவர் எத்தகையவரோ? உள்ளே ஒருவர் இருந்தால் பத்துத் தவறுகளில் மூன்றையாவது தடுப்பார். அவரும் வெளியேறினால் பத்தும் நிகழும். இவ்வாதத்தில் வலிமை உண்டு. ஆனால் அதற்குள் ஒரு பொறியும் உண்டு. "நான் இல்லையேல் இன்னும் கெடும்" என்று கூறிக்கொண்டே மனிதர் எதற்கும் உடந்தையாகிவிட முடியும். பதவியும் ஊதியமும் அவ்வாதத்துக்கு மேலும் இனிமை சேர்க்கும்.

இவ்விரண்டுக்கும் இடையே ஒரு வரம்பைக் குறிக்கலாம். உண்மையை உரியவரிடம் முகத்துக்கு நேரே கூறவும், கூறியதைப் பதிவு செய்யவும் இயலும்வரை ஆலோசகர் இருக்கலாம், இருக்கவும் வேண்டும். அவருடைய சொல் ஏறாமல் அவருடைய பெயர் மட்டும் தேவைப்படும் நிலை, அதாவது அவர் அங்கே இருப்பதே தவறுக்கு நற்சான்றாகக் காட்டப்படும் நிலை வந்துவிட்டால் அவர் விலகவே வேண்டும். அப்போது அவர் தடுப்பவர் அல்லர், மறைப்புத் திரையாகிவிட்டவர். இவ்வரம்பு எந்த நாளில் கடக்கப்படுகிறது என்பதை எந்தத் தீர்மானமும் சொல்லிவிடாது. அதனை அவரவர் மனச்சான்றே அறியும்.

2006ஆம் ஆண்டின் கலவரத்துக்குப் பின் மலேசியா உள்ளிட்ட நாடுகளின் வீரர் மீண்டும் டிலிக்குச் செல்ல நேர்ந்தது. புதியதொரு ஐக்கிய நாடுகள் பணி தொடங்கி 2012 இறுதிவரை நீடித்தது. பின்னர் அயலவர் விடைபெற்றனர். திமோர் லெஸ்தே தன் காவலைத் தானே ஏற்றது. 2025 அக்டோபரில் கோலாலம்பூரில் நடந்த மாநாட்டில் அந்நாடு ஆசியான் அமைப்பின் பதினொன்றாம் உறுப்பு நாடாயிற்று. ஒரு காலத்தில் அச்சத்தின் கோட்டுக்கு இருபுறமும் நின்ற இரு நாடுகளும் இன்று ஒரே அவையில் அமர்கின்றன. எத்தனையோ ஆலோசகரின் சொற்கள் அதன் அடித்தளத்தில் புதைந்துள்ளன. அவர்களின் பெயர்கள் எங்கும் பொறிக்கப்படவில்லை, பொறிக்கப்பட வேண்டியதுமில்லை. தம்முடைய தேவை இல்லாமற்போகும் நாளுக்காக உழைப்பதே அவர்களின் பணி.

இவ்வகையில் ஆலோசகரும் ஆசிரியரும் ஓரினத்தவர். மாணவனுக்காகத் தேர்வு எழுத ஆசிரியரால் இயலாது. அவன் வாழ்க்கையை அவனுக்காக வாழவும் இயலாது. ஆயினும் அவர் சொல்லை நம்பி அவன் ஒரு வழியில் அடியெடுத்து வைக்கிறான். "நான் சொல்ல மட்டுமே செய்தேன்" என்று நல்லாசிரியர் எவரும் கூறித் தப்புவதில்லை. எல்லையில் நிற்கும் ஆலோசகரிடம் உலகம் எதிர்பார்ப்பதும் அதுவே. கோவூர்கிழார் கையில் திறவுகோல் இருந்ததில்லை. அவர் பேசினார்; ஒரு புலவன் உயிரோடு வாயிலைக் கடந்து சென்றான்.